வசையான சொற்கள் – 7: கூலி

ஆங்கில அகராதிகள் ‘கூலி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் தருகின்றன. ஆசிய நாடுகளில் அன்றாடச் சம்பளத்துக்குச் சுமை தூக்குபவர், மண் வெட்டுபவர், உடலுழைப்பால் பிழைப்பவர் என்பது பழைய பொருள். இந்தியரையோ சீனரையோ அவர்கள் வழிவந்தவர்களையோ இழித்துச் சொல்லும் வசை என்பது பிந்தைய பொருள். இரண்டாவதன் பக்கத்தில் ‘புண்படுத்தும் சொல்’ என்ற எச்சரிக்கைக் குறிப்பும் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் ஒருவரை இந்தச் சொல்லால் ஏசினால் நீதிமன்றப் படியேற நேரிடும். தமிழ்நாட்டிலோ செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று நகைக்கடையில் யாரும் கூசாமல் கேட்கிறார்கள். ஒரே ஒலி ஓரிடத்தில் வசையாகவும் இன்னோரிடத்தில் அன்றாடப் பேச்சாகவும் வழங்குவதற்கு, கப்பல்களும் ஒப்பந்தத் தாள்களும் தோட்டச் சட்டங்களும் நிறைந்த நீண்ட வரலாறு ஒன்று காரணம்.

தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். அது வழக்கமாக ஆளைக் குறிப்பதில்லை. வண்டிக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, நெசவுக்கூலி, தையற்கூலி, களத்து மேட்டில் அளந்து போடும் நெற்கூலி என்று எந்தக் கூட்டுச்சொல்லை எடுத்தாலும் உழைப்புக்கு ஈடாக வருவது என்பதே பொருள். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பலனைச் சொல்ல வள்ளுவர் எடுத்துக்கொண்ட சொல்லும் இதுதான். மலையாளம், கன்னடம், தெலுங்கு மொழிகளிலும் இதே ஒலியில், இதே பொருளில் அது வழங்குகிறது. ஊதியம் பெறுபவரைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர், கூலித்தொழிலாளி என்று இன்னொரு சொல் சேர வேண்டும். தமிழ்நாட்டில் கூலி கேட்பது உரிமை கேட்பது. கூலி உயர்வுக்காகப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் முழக்கத்தில் இருந்த கூலி என்ற சொல்லில் இழிவின் சாயல் துளியும் கிடையாது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு பற்றி அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, அது இந்தத் தமிழ்ச் சொல்லே என்பது. மற்றொன்று, குஜராத்திலும் கொங்கணக் கடற்கரையிலும் வாழும் கோலி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது. இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரண்டாவது பக்கம் சாய்கிறது. மேற்குக் கரையில் காலூன்றிய போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே கோலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது அதற்கு ஆதாரம். ஆனாலும் அதே அகராதி தமிழ்ச் சொல்லையும் குறிப்பிட்டு, அதன் செல்வாக்கைத் தள்ளிவிட முடியாது என்று ஒப்புக்கொள்கிறது.

இரண்டு கருத்துக்கும் பலமும் பலவீனமும் உண்டு. கோலி என்பது மீன்பிடிப்பவரும் நிலம் உழுபவரும் அடங்கிய ஒரு சமூகத்தின் பெயர். அது எப்படிச் சோழமண்டலக் கரையிலும் மலாக்காவிலும் சுமைதூக்குபவருக்குப் பொதுப்பெயராயிற்று என்பதை அந்தக் கருத்து எளிதில் விளக்கிவிடாது. தமிழ் மூலத்தில் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழர் பொதுவாக ஓர் ஆளைக் ‘கூலி’ என்று மட்டும் சொல்வதில்லை. ஊதியம் எப்படி ஆளாக மாறியது என்பது அங்கே எழும் கேள்வி. கூலியாள், கூலிக்காரன் என்று காதில் விழுந்ததை வணிகக் கம்பெனிக்காரர்கள் பாதியாக வெட்டிக்கொண்டார்கள் என்பதே நம்பத்தகுந்த விடை. மேற்குக் கரையில் கேட்ட இனப்பெயரும் கிழக்குக் கரையில் கேட்ட ஊதியப்பெயரும் ஐரோப்பியர் வாயில் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அந்தச் சொல் தாங்கிய பொருளைப் பார்த்தால், தமிழின் பங்கே பெரிது.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் எழுத்துகளில் இந்தச் சொல் நுழைந்துவிட்டது. சென்னை ஜார்ஜ் கோட்டையில் பல்லக்குத் தூக்குபவரும், கடற்கரையில் மூட்டை இறக்குபவரும் கம்பெனிக் கணக்கில் கூலிகள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரர்கள் இதைத் தங்கள் மொழியில் ‘கூலீ’ என்று எழுதினார்கள். சீனத் துறைமுகங்களில் ஐரோப்பியர் இதே சொல்லைச் சீனத் தொழிலாளர் மேல் ஏற்றினார்கள். சீனர்கள் அந்த ஒலியை ‘கூ-லி’ என்று இரண்டு எழுத்துகளில் எழுதிக்கொண்டார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு என்றும், இரண்டாவதற்கு வலிமை என்றும் பொருள். ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகள், அந்த மக்கள் பட்ட பாட்டையும் சொல்வதாக அமைந்துவிட்டன. இவ்வளவு தூரம் பரவியும் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அது பெரும்பாலும் ஒரு தொழிலின் பெயராகவே இருந்தது. இளக்காரம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தையே அடையாளமிட்டு ஒதுக்கும் சொல்லாக அது இன்னும் மாறவில்லை.

அந்த மாற்றம் 1834இல் தொடங்கியது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடிமைகளின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. விடுபட்ட அடிமைகளுக்கு ஒரு காசும் கிடையாது. கரும்புத் தோட்டங்களில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பழைய முதலாளிகளிடம் பழைய நிபந்தனைகளில் உழைக்க மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பல் 36 தொழிலாளர்களுடன் மொரிஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. சோட்டா நாகபுரி மலைப்பகுதியைச் சேர்ந்த அவர்களைக் கல்கத்தா ஆவணங்கள் ‘மலைக் கூலிகள்’ என்று குறித்தன.

அடுத்து மேற்கிந்தியத் தீவுப்பக்கம். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டனுக்குக் கயானாவில் தோட்டங்கள் இருந்தன. அவர் கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்ற இரண்டு கப்பல்களில் ஏறத்தாழ 400 பேர் 1838 மே மாதம் கயானாவில் இறங்கினார்கள். சவுக்கடி, நோய், சாவு என்று அங்கிருந்து வந்த செய்திகள் அடிமை ஒழிப்பு இயக்கத்தினரைக் கொதிக்க வைத்தன. 1839இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. இது புதியதோர் அடிமை முறையாகிவிடக் கூடும் என்று 1840இல் குடியேற்ற அமைச்சர் ஜான் ரசல் பிரபு எழுதினார். அவருடைய அந்தச் சொற்றொடரையே வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் 1974இல் தம் நூலின் தலைப்பாக்கினார். தடை நீடிக்கவில்லை. 1842இல் மொரிஷியஸுக்கும் சில ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவைவிட்டுப் போனவர்கள் சுமார் 13 லட்சம் பேர்.

ஒப்பந்தம் பொதுவாக 5 ஆண்டுக்கு. சென்னையிலோ கல்கத்தாவிலோ உள்ள முகாமில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள மச்சம், தழும்பு எல்லாம் பதிவேட்டில் ஏறும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அங்கே முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பிஜியில் குறித்த அளவு வேலையை முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். மொரிஷியஸில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கும் ‘இரட்டை வெட்டு’ முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டுவதும், வேலைக்கு மறுப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். வேறெந்தத் தொழிலிலும் வேலையைவிட்டு விலகினால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சிவில் தகராறு. தோட்டத்தில் அது போலீஸ் விவகாரம். வசையின் வேர் இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஊதியத்தைக் கேட்டு வாங்கும் உரிமையும், போதாதென்றால் விலகிப்போகும் உரிமையும் பறிக்கப்பட்ட மனிதருக்கு, ஊதியத்தின் பெயரே பெயராக வைக்கப்பட்டது.

தமிழருக்கு இந்தக் கதை மிக நெருக்கமானது. 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் முதன்முதலாக நங்கூரமிட்ட ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் வந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களுமே அவர்களில் மிகப் பெரும்பாலோர். பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல்கள் 1903 முதல்தான் போயின. அங்கு போன சுமார் 60,000 பேரில் கால்வாசிப் பேர் தென்னிந்தியர். அந்தத் தீவின் பெண்கள் பட்ட துயரத்துக்காகப் பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டை எழுதினார். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் ரியூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஆள் ஏற்றினார்கள். மார்ட்டினிக்குக்கு முதல் கப்பல் 1853இல் போய்ச் சேர்ந்தது. அத்தீவின் கிரியோல் பேச்சில் தமிழர் வழிவந்தவர்களுக்கு ‘கூலி’ என்ற பெயரே நிலைத்து, தெருவில் எறியும் ஏளனமாயிற்று.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் எண்ணிக்கை இந்தக் கணக்குகளையெல்லாம் விழுங்கிவிடும். ஆனால் அங்கே முறை வேறு. 1830களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து மக்கள் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகு அதே மலைகளில் தேயிலை வந்தது. ஆள் சேர்த்தவர் கங்காணி. தன் ஊரிலும் உறவிலும் முன்பணம் கொடுத்து அழைத்துவருவார். அந்தக் கடன் தொழிலாளியின் தலைமேல் ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் பாக்கி எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ கையில் வேண்டும். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

இலங்கைத் தோட்டத்தின் மொழியில் இந்த வரலாறு இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் ‘கூலி லைன்’ என்றழைத்த நீண்ட தகர வரிசை வீடுகள் தொழிலாளர் வாயில் லயம் ஆயின. ஒரு நாள் முழுச் சம்பளம் விழுந்தால் அதற்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப் பேர்’. துரைமார் தமிழ் கற்றுக்கொள்ள அச்சான கையேடுகளில் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. தோட்டத்துச் சின்னதுரைக்கான சட்டைப்பை வழிகாட்டி என்று அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. 1915இல் கொழும்பில் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட மற்றொன்றின் பெயர் ‘கூலித் தமிழ்’. மதுரைப் பக்கத்து உழவரும் அவர் மனைவியும் பேசிய தமிழ், துரையின் மேசையில் கூலித் தமிழாகச் சுருங்கிவிட்டது. வாருங்கள், போங்கள் என்று சொல்ல இடமில்லாத, ஏவலுக்காகவே தொகுத்த மொழி அது. ஒரு மக்களின் பேச்சுக்கே இந்தப் பெயரை வைத்தது, அந்தச் சொல் எவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருந்தது என்பதற்கு வேறெந்தச் சட்டத்தையும்விடத் தெளிவான சாட்சி.

மலாயாவின் கரும்பு, காப்பி, பிறகு ரப்பர்த் தோட்டங்களிலும் கங்காணியே ஆள் கொண்டுவந்தார். ஒப்பந்த முறை அங்கே 1910இல் முடிந்தது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை நீடித்தது. வடக்குச் சுமாத்ராவின் டெலிப் பகுதியில் டச்சுக்காரர்கள் 1880இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘கூலி’ இருந்தது. புகையிலைத் தோட்டங்களின் சீன, ஜாவாத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்பது அதன் உயிர்நாடி. அங்கே நடந்த கொடுமைகளை வான் டென் பிராண்ட் என்ற வழக்கறிஞர் 1902இல் ஒரு சிறுநூலில் வெளிக்கொண்டுவந்தது டச்சு நாடாளுமன்றத்தையே உலுக்கியது.

சீனர்களின் அனுபவம் இன்னும் கொடியது. கியூபாவின் ஹவானாவுக்கு முதல் கப்பல் 1847இல் போயிற்று. 1874 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் 8 ஆண்டு ஒப்பந்தத்தில் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெருவின் சிஞ்சா தீவுகளில் பறவை எச்ச உரத்தை வெட்டியெடுக்கப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. போர்ச்சுக்கீசியர் வசமிருந்த மக்காவ் துறைமுகத்தில் ஆள் அடைத்து வைக்கும் கொட்டடிகள் இருந்தன. ஏமாற்றியும் கடத்தியும் பிடித்தவர்களை அங்கிருந்து கப்பலேற்றினார்கள். இதைத் தென்சீன மக்கள் ‘பன்றிக்குட்டி விற்பது’ என்று சொன்னார்கள். 1874இல் சீன அரசு அனுப்பிய விசாரணைக் குழு கியூபாவில் தொழிலாளர்களை நேரில் கண்டு 1,176 வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. அதே ஆண்டு மக்காவ் வழி மூடப்பட்டது.

அமெரிக்காவில் இந்தச் சொல் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. அமெரிக்கக் கப்பல்கள் கூலி வணிகத்தில் ஈடுபடுவதைத் தடுக்கும் சட்டத்தில் லிங்கன் 1862 பிப்ரவரியில் கையெழுத்திட்டார். அது ஆள்கடத்தலுக்கு எதிரான சட்டம். அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் ‘கூலி எதிர்ப்பு’ என்ற பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்து, அங்கே வேலை பார்த்த சீனர்கள்மேல் மாதம் இரண்டரை டாலர் வரி போட்டது. கலிபோர்னியாவுக்கு வந்த சீனர்களில் பெரும்பாலோர் கப்பல் கட்டணத்துக்குக் கடன் வாங்கித் தாமாக வந்தவர்கள். கியூபாவுக்குக் கடத்தப்பட்டவர்களோடு அவர்களுக்கு எந்த ஒப்புமையும் இல்லை. ஆனாலும் கூலி என்று அழைத்துவிட்டால், சுதந்திரமாக உழைக்கும் வெள்ளையரின் சம்பளத்தைக் கெடுக்க வந்த பாதி அடிமை என்று அவரைக் காட்டிவிட முடிந்தது. அடிமைத்தனத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே அதற்கு இரையானவரை வெறுக்க இந்த ஒரு சொல் வழிசெய்தது. அந்த வெறுப்பு 1882இல் சீனத் தொழிலாளரை நாட்டுக்குள் நுழையவே விடாத சட்டமாக முடிந்தது.

தொழிலின் பெயர் இனத்தின் பெயராக மாறியதை மிகத் தெளிவாகத் தென்னாப்பிரிக்காவில் பார்க்கலாம். நேட்டாலில் இந்தியத் தொழிலாளர் விவகாரங்களைக் கவனித்த அதிகாரி ஆரம்பத்தில் ‘கூலி ஏஜென்ட்’. நாடு திரும்பிய தொழிலாளர்கள் சென்னையில் கொடுத்த புகார்களால் 1872இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் பெயரும் கூலிக் குழுவே. அதன் விளைவாக அதிகாரியின் பதவிப் பெயர் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று மாறியது. தாளில் மாறிய பெயர் தெருவில் மாறவில்லை. ஒப்பந்தம் முடித்துக் காய்கறி விற்றவர்களும், குஜராத்திலிருந்து சொந்தச் செலவில் வந்த முஸ்லிம் வணிகர்களும் வெள்ளையர் கண்ணில் கூலிகளே. டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டு 3ஆம் சட்டம், ‘கூலிகள் எனப்படுவோர்’, அரபிகள், மலாய்க்காரர்கள் ஆகியோருக்குக் குடியுரிமையும் நிலவுடைமையும் கிடையாது என்று அறிவித்தது. அங்கே அந்தச் சொல்லுக்கு வேலையோடு இருந்த தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டது. பிறப்பு ஒன்றே போதும்.

1893இல் நேட்டாலுக்குப் போன காந்தி இதை நேரில் கண்டார். வணிகர்கள் கூலி வணிகர்கள், எனவே தாமும் ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைக்கப்பட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ‘சாமி’ என்ற வசையைப் பற்றியும் அவர் எழுதுகிறார். முனுசாமி, கோவிந்தசாமி, ரங்கசாமி என்று தமிழர், தெலுங்கர் பெயர்கள் முடிவதைக் கேட்ட வெள்ளையர்கள் ஆண்களையெல்லாம் சாமி என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். தலைவன், இறைவன் என்று பொருள்படும் ஒரு சொல்லுக்கும் கூலி என்ற சொல்லுக்கும் அந்த மண்ணில் ஒரே கதி நேர்ந்தது. 1894இல் முன்பல் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி. வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்ற வழக்கம் அங்கே அவரைப் போன்றவர்கள்மேல் திணிக்கப்பட்டிருந்தது. அதை மீண்டும் கட்டிக்கொள்ளச் சொன்னதையும், அவருக்கு வேறு முதலாளியைத் தேடிக் கொடுத்ததையும் காந்தி விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் ஒதுக்கப்பட்ட பகுதியின் பெயர் ‘கூலி லொகேஷன்’. நகராட்சி அங்கே துப்புரவு வசதியோ விளக்கோ ஒழுங்காகச் செய்யவில்லை. 1904இல் பிளேக் பரவியதும் மக்களை வெளியேற்றிவிட்டு அந்தக் குடியிருப்பையே கொளுத்தினார்கள். நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தும் திரும்பிப் போகாமலோ, மறு ஒப்பந்தம் செய்யாமலோ தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற 1895ஆம் ஆண்டுச் சட்டம், கூலியாக வந்தவர் கூலியாகவே இருக்க வேண்டும் என்ற நோக்கத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னது. மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய மனிதருக்கு 3 பவுண்டு என்பது அரையாண்டுச் சம்பளம். அதை எதிர்த்து 1913இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிறை சென்று நோயுற்றுத் திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். அதே ஆண்டு வரி நீக்கப்பட்டது.

இந்தியாவுக்குள்ளும் இந்தச் சொல் கட்டாயத்தோடு பிணைந்திருந்தது. இமயமலை அடிவாரக் குமாவோனில் வெள்ளை அதிகாரிகள் பயணம் போகும்போது கிராமத்தார் சம்பளமில்லாமலோ அற்பத் தொகைக்கோ சுமை தூக்க வேண்டும். ‘கூலி பேகார்’ என்பது அதன் பெயர். தமிழில் ஊதியம் என்று பொருள்படும் சொல்லோடு, ஊதியமில்லா வேலை என்று பொருள்படும் பேகார் ஒட்டிக்கொண்டது. யார் யார் சுமக்க வேண்டும் என்று எழுதிய பதிவேடுகளை 1921 ஜனவரியில், பாகேஷ்வரின் உத்தராயணித் திருவிழாவில் கூடிய மக்கள் சரயு ஆற்றில் எறிந்தார்கள். பத்ரி தத் பாண்டே முன்னின்ற அந்தப் போராட்டத்தோடு அந்த முறை முடிவுக்கு வந்தது.

அயல்நாட்டு ஒப்பந்த முறையும் அதற்கு முன்பே தகர்ந்திருந்தது. கோகலே 1910இல் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக 1911இல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1916இல் மதன் மோகன் மாளவியா முறையை முழுவதுமாக ஒழிக்கக் கோரினார். சி.எஃப். ஆண்ட்ரூஸ் பிஜிக்கே போய் நிலைமையைக் கண்டு எழுதினார். 1917இல் கப்பல்கள் நின்றன. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

முறை ஒழிந்த பின்னும் சொல் ஒழியவில்லை. முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் எழுதிய ஆங்கில நாவல் அதையே தலைப்பாக ஏற்று, ஒரு மலைநாட்டுச் சிறுவனின் வாழ்க்கையைச் சொன்னது. இந்திய ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையும் அணிந்த சுமைதூக்குபவரின் பெயராக அது நூறாண்டைத் தாண்டியது. 2016 ரயில்வே பட்ஜெட்டில்தான் அவர்களுக்கு ‘சகாயக்’ என்ற புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. இந்தோனேசிய மொழியில் கட்டட வேலை செய்பவர் இன்றும் கூலி. அங்கே அது ஏழைமையைச் சுட்டும், ஆனால் இனவசை இல்லை. போர்ட் லூயியில் புதிதாக வந்தவர்கள் ஏறிய கற்படிகள் ‘கூலி படித்துறை’ என்று வழங்கி, பின்பு ஆப்பிரவாசி காட் எனப் பெயர் மாற்றம் பெற்றன. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

கரீபியனிலும் மொரிஷியஸிலும் எழுத்தாளர்கள் சிலர் இந்தச் சொல்லைத் தூக்கியெறியாமல் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கயானாவின் ராஜ்குமாரி சிங் 1973இல் எழுதிய கட்டுரையில் தம்மைக் கூலி என்று பெருமையோடு அறிவித்தார். மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் ‘கூலித்துவம்’ என்று சொல்லத்தக்க ஒரு புதுச்சொல்லைப் பிரெஞ்சில் உருவாக்கினார். கறுப்பின எழுத்தாளர்கள் தங்கள் நிறத்தையே பெருமைக்குரிய அடையாளமாக்கியதைப் போல, கடல் கடந்த உழைப்பாளியின் அனுபவத்தை இலக்கியத்தின் மையத்தில் வைப்பது அவருடைய நோக்கம். எல்லோரும் இதை ஏற்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் இந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிப்போன தலைமுறைக்கு, அதைப் புத்தக அட்டையில் காண்பதும் வலியே.

கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர் கையூத்ரா பகதூர், தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவின் வாழ்க்கையைத் தேடி எழுதிய நூல் 2013இல் வெளிவந்தது. சுஜாரியா 1903இல், வயிற்றில் குழந்தையோடு, துணையின்றிக் கல்கத்தாவில் கப்பலேறியவர். நூலுக்குப் பகதூர் வைத்த பெயர் ‘கூலிப் பெண்’. அந்தப் பெயரை ஏன் வைத்தேன் என்று விளக்குவதற்காகவே அவர் முன்னுரையை ஒதுக்கினார்.